குற்றாலக் கல்

1

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு எழுதுகிறவர்கள் முதலில் குளிரைப் பற்றி எழுதுவார்கள். குளிருது, நல்லாவே குளிருது, அது போதும். நான் எழுத உட்கார்ந்தது என் வீட்டுக்காரருடைய அக்கா செண்பகத்தைப் பற்றி. அவளை நினைத்தால் இந்தக் குளிரிலும் எனக்கு உடம்பு கொதிக்கும்.

நாங்கள் இருப்பது வட இங்கிலாந்தில் ஒரு மில் ஊர். அவருக்குத் துணிக்குச் சாயம் பார்க்கிற வேலை. பெரியவள் உலகம்மாள் தென்காசியில் பிறந்து, கையில் பிடித்துக் கப்பலேற்றிக் கூட்டி வந்த பிள்ளை. அம்மன் பெயரை வைத்த பாவத்துக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் 'உல்லா' என்று கூப்பிடுகிறார்கள். நான் 'ஏட்டி உலகு' என்றால் தெருவில் வேறு யாரையோ கூப்பிடுகிற மாதிரி நடந்து போவாள். சின்னவள் வடிவு இங்கேயே பிறந்தவள், ஒண்ணாம் வகுப்பு. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள். மாடி அறையில் பரமசிவன் இருக்கிறான். எஞ்சினியரிங் படிக்க வந்தவன், செண்பகத்தின் ஒரே மகன். ஆமாம், அவளுடைய மகன்தான் என் வீட்டில் என் சோற்றைத் தின்கிறான்.

போன ஈஸ்டருக்கு முன்னால் வடிவு பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தாள். நாளைக்கு எல்லாப் பிள்ளைகளும் ஒரு முட்டை கொண்டு போகணுமாம். ரெண்டு பக்கமும் ஓட்டை போட்டு, உள்ளே இருப்பதை ஊதி வெளியே எடுத்துவிட்டு, வெறும் ஓட்டில் கண் மூக்கு வரைந்து, தொப்பி ஒட்டணுமாம். நல்லா இருந்தால் டீச்சர் பரிசு கொடுப்பாராம்.

கையில் இருந்த தோசைக் கரண்டியோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இதே காரியத்துக்கு, ஒரு மாற்றம் இல்லாமல் இதே காரியத்துக்கு, எனக்குத் தென்காசியில் கிடைத்த பரிசு என்னவென்று அந்த டீச்சருக்கு யார் சொல்லுவது?

2

நயா பைசா வந்த புதிது. அப்போது உலகுவுக்கு ஐந்து வயசு. வீட்டில் மாமியார், நாங்கள் மூன்று பேர், செண்பகம் மதினி, அவள் மகன் பரமசிவன். மதினியின் வீட்டுக்காரருக்குக் கொழும்பில் கடை. அதனால் அவள் அம்மா வீட்டோடு இருந்தாள். இருந்தாள் என்ன, ஆண்டாள். சைவக் குடும்பம். 'கோழி' என்கிற வார்த்தைகூட எங்கள் வாசல்படி தாண்டி உள்ளே வராது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பெரியவர்கள் தூங்குவார்கள். அந்த நேரம் எனக்கும் என் பிள்ளைக்கும். பின்கட்டில் விறகு அடுக்குகிற புரையில் உட்கார்ந்து நாங்கள் செய்யாத சாமான் கிடையாது. பனையோலைக் காற்றாடி, தீப்பெட்டி ரயில், தேங்காய்ச் சிரட்டைத் தராசு. பசை காய்ச்ச மைதா எடுத்தால் கொஞ்சம் சேர்த்தே எடுப்பேன்.

பின் தெருவில் ரோஸ்லின் டீச்சர் என்று ஒருத்தர். கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டில் கேக் வேகும் வாசனை எங்கள் கிணற்றடி வரைக்கும் வந்தது. உலகு மூக்கை விடைத்துக்கொண்டு நின்றாள். எனக்கும் அது வேணும்மா என்றாள். பிள்ளை வாய்விட்டுக் கேட்டால் எந்தத் தாய்க்குத்தான் பொறுக்கும்? டீச்சரிடம் போய்க் கேட்டேன். கேக் வேகவைக்கிற பெட்டி அடுப்பு வேண்டாம், பித்தளைச் சருவத்தில் ஆற்று மணலைக் கொட்டிச் சூடாக்கி, உள்ளே மாவு டப்பாவை வைத்து மூடி, மூடி மேலே சிரட்டைக் கனலைப் பரப்பினால் போதும் என்றார். பிறகு தயங்கித் தயங்கி, முட்டை வேணுமே கோமு, என்ன செய்வே என்றார். அவர் வீட்டில் கோழி உண்டு.

ரெண்டு முட்டையைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டு வந்தேன். புரையில் வைத்து எடுத்ததும் உலகு கேட்டாள், "எம்மா, இது என்னது?"

முட்டை என்று ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாத பிள்ளை. அந்த வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தால் அதுபாட்டுக்குக் கூடத்தில் போய்ச் சொல்லும். அதனால் வாயில் வந்ததைச் சொன்னேன். "இது குற்றாலக் கல்லுட்டி. ஆத்துல கிடக்கும்."

சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போகிற தென்காசிப் பிள்ளைகள் எல்லாம் ஆற்றில் வெள்ளைக் கூழாங்கல் பொறுக்கிக்கொண்டு வரும். அசப்பில் முட்டை மாதிரிதான் இருக்கும். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கேக் ஒரு பக்கம் கருகி, நடுவில் குழி விழுந்து வந்தது. அப்படியும் ரெண்டு பேரும் டப்பாவைச் சுரண்டித் தின்றோம். ருசியாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். முட்டை ஓட்டை எறிய மனசு வரவில்லை. அடுத்த தடவை நுனியில் ஊக்கால் குத்தி ஊதி எடுத்து, கண்மையால் கண்ணும் குங்குமத்தால் வாயும் வைத்து, பீடிக்கட்டு சுற்றி வருகிற ரோஸ் தாளில் தொப்பி செய்து ஒட்டினேன். கல்லுப் பாப்பா என்று உலகு பேர் வைத்தாள். கொஞ்ச நாளில் அவளுடைய தகரப் பெட்டியில் கல்லுப் பாப்பாக்கள் வரிசையாக இருந்தன.

3

அடுத்து வந்த சாரல் நல்ல சாரல். வீட்டோடு குற்றாலம் போனோம். எண்ணெய் தேய்த்து, அருவியில் நின்று, பசியோடு வந்து ஆற்றங்கரைப் பாறையில் உட்கார்ந்தோம். புளியோதரையும் தேங்காய்த் துவையலும். என் வீட்டுக்காரரின் சித்தப்பா குடும்பம், பக்கத்துத் தெருக்காரர்கள் என்று ஒரு கூட்டம் சுற்றி இருந்தது. நான் சோற்றை உருட்டி உலகு வாயில் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு வாய் வாங்கிக்கொண்டு ஓடுவாள், தண்ணீரில் அளைவாள், வருவாள்.

ஒரு தடவை வரும்போது கையில் ஒரு கல். வெள்ளை வெளேரென்று, வழுவழுவென்று.

"எம்மா! குற்றாலக் கல்லு! கேக்கு சுடலாம்!"

பிள்ளையை இழுத்து மடியில் போடுவதற்குள் அது புளியோதரைச் சட்டி விளிம்பில் கல்லை டொக்கு டொக்கு என்று தட்ட ஆரம்பித்துவிட்டது.

"எம்மா, இது உடைய மாட்டேங்கு."

செண்பகம் மதினிக்குக் காது கூர்மை. "கல்லு எப்படிட்டி உடையும், கோட்டிக்காரி?" என்று சிரித்தாள்.

"உடையும் அத்தை. அம்மா தட்டுனா உடையும். உள்ள மஞ்சளா உருண்டையா ஒண்ணு இருக்கும். சுத்தி வழுவழுன்னு தண்ணியா இருக்கும். அதைப் போட்டு அடிச்சாத்தான் கேக்கு வரும். ஓட்டுல கல்லுப் பாப்பா செய்யலாம்."

எல்லார் கையும் இலையில் நின்றுபோனது. மதினி என்னைப் பார்த்தாள். நான் அடுத்த உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன், பிள்ளை வாயைத் திறந்துகொண்டு நின்றது. மதினி எழுந்து வந்து என் மணிக்கட்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். சோற்றுருண்டை தெறித்து ஆற்றில் விழுந்தது.

"சைவக் குடியில முட்டை உடைச்சிருக்கா, சவத்து மூதி! பச்சப்பிள்ளைக்கு ஊட்டி வேற விட்டிருக்கா! இனிமே இவ கையால ஒரு வாய்ச் சோறு இந்தப் பிள்ளைக்குப் போகப்படாது. சொல்லிட்டேன்."

ஊரே பார்த்தது. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். மனுஷன் நனைந்த துண்டைப் பிழிந்துகொண்டு நின்றார். பிழிந்தார், பிழிந்தார், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் ஆன பிறகும் பிழிந்தார். ஆற்றில் விழுந்த சோற்றை மீன் வந்து கொத்தித் தின்றதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

4

வீட்டுக்கு வந்ததும் தகரப் பெட்டி கவிழ்ந்தது. கல்லுப் பாப்பாக்களை முற்றத்தில் போட்டு, உலகு அலற அலற, மதினி குதிகாலால் மிதித்தாள். பிள்ளைக்குத் தலையில் தண்ணீர் ஊற்றி விபூதி பூசி உள்ளே கொண்டுபோனார்கள். என் பித்தளைச் சருவத்தை மதினி எடுத்து வைத்துக்கொண்டாள். நான் அடுக்களைக்குள் நுழையக் கூடாது என்று தீர்ப்பு. எனக்குச் சோறு தட்டில் பின்கட்டுக்கு வரும்.

அதெல்லாம் தூசு. பட்டினி போட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். மூன்று வேளையும் மதினி என் பிள்ளைக்கு ஊட்டுவாள். அடுக்களை நிலைப்படிக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நான். ஒவ்வொரு வாய்க்கும் உலகு என்னைத் திரும்பிப் பார்க்கும். மதினி தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புவாள். தீபாவளி வரைக்கும் இந்தக் கூத்து நடந்தது. தீபாவளிக்குப் பிறகு, போனால் போகிறது, ஊட்டிக்கோ என்றாள். அதற்குள் பிள்ளை தானாக அள்ளித் தின்னப் பழகிவிட்டது. நான் உருட்டிக் கொடுத்தால், நானே சாப்பிடுதேன்மா என்றது.

அன்றைக்குக் கிணற்றடியில் நின்று சொல்லிக்கொண்டேன். செண்பகம், உன் பிள்ளை ஒரு நாள் என் கையால் முட்டை தின்பான். அதை உன் காதில் விழவைக்காமல் நான் சாகமாட்டேன்.

நீங்கள் நினைப்பீர்கள், இத்தனை தூரம் கடல் கடந்து வந்தவளுக்கு இன்னுமா இது என்று. கடலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பெட்டி படுக்கையோடு இதையும்தான் கொண்டு வந்தேன். சுங்கத்தில் எவனும் கேட்கவில்லை.

5

பரமசிவன் வந்து இறங்கியபோது என் மனசுக்குள் மேளம் கொட்டியது. ஆனால் பையன் முதல் நாளே, "அத்தை, நான் சுத்த சைவம். அம்மா சொல்லி அனுப்பியிருக்கா" என்று கும்பிட்டான். தெரியாமல் கலந்து கொடுப்பது எனக்குப் பிடிக்காது. தெரிந்து தின்னணும், அப்போதுதான் கணக்குத் தீரும். அதனால் சாம்பாரும் ரசமும் வைத்துக் காத்திருந்தேன். மெலிந்து வந்த பையன் என் சமையலில் தேறினான். நல்ல பையன் வேறு, அந்த எரிச்சல் தனி. அவளுக்குப் பிறந்தவன் இப்படியா இருக்கணும்?

இங்கே வந்தும் எங்கள் வீட்டில் முட்டைக்குக் 'கல்லு' என்றுதான் பேர். என் நாக்கில் அது ஒட்டிக்கொண்டுவிட்டது. வந்த புதிதில் மளிகைக் கடைக்காரரிடம், "சிக்ஸ் ஸ்டோன் ப்ளீஸ்" என்று கேட்டுவிட்டேன். இந்த ஊரில் ஸ்டோன் என்பது எடை. ஆறு ஸ்டோன் ஒரு ஆள் எடையில் பாதி வரும். அவர், "எதில் ஆறு ஸ்டோன் அம்மா, உருளைக்கிழங்கிலா?" என்று மூட்டையைத் தூக்கப் போய்விட்டார். பரமசிவன் வந்த பிறகு அவன் எதிரில் மட்டும் அந்த வார்த்தையை அடக்கி வைத்திருந்தேன்.

ஈஸ்டருக்கு வருகிறேன். வடிவுக்காக முட்டைகளை ஊதி எடுத்தேன். ஓடு ஒரு பக்கம், உள்ளே இருந்தது ஒரு கிண்ணம். அதை வீணாக்குவானேன் என்று கேக்குக்கு மாவு கலந்தேன். உலகு மேசையில் ஏதோ பத்திரிகையில் தலையைக் கவிழ்த்திருந்தாள். பரமசிவன் கல்லூரியிலிருந்து வந்தான். இன்றைக்குத்தான் நாள் என்று எனக்குள் முடிவாகிவிட்டது. கேக் வேகட்டும், துண்டு போடுவேன், பரமசிவா, இதில் முட்டை இருக்கு, வேணுமா என்று நேருக்கு நேராகக் கேட்பேன்.

அவன் கிண்ணத்தை எட்டிப் பார்த்தான். "என்ன அத்தை, கல்லா? எத்தனை கல்லு போடுதீங்க?"

கையிலிருந்த கரண்டி மாவுக்குள் முழுகிப் போனது.

"ஏலே, என்ன சொன்னே?"

பையன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஒண்ணும் இல்ல அத்தை."

"இப்ப சொல்லுதியா, இல்ல இந்த மாவைத் தலையில கொட்டவா?"

சொன்னான். சின்ன வயசில் அவனுக்கு நெஞ்சுச் சளி. அந்தச் சாரல் முடிந்து மழைக்காலத்தில் ரொம்ப முற்றிப்போய், தினம் பாலில் ஒரு முட்டை அடித்துக் கொடுக்கணும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "ஆச்சிக்குத் தெரியக் கூடாதுன்னு அம்மா 'கல்லு'ன்னுதான் சொல்லுவா. காலையில அடுக்களைக் கதவைச் சாத்திட்டு, 'ஏலே, கல்லுப் பால் குடிக்க வா'ன்னு கூப்பிடுவா. நான் பெரியவனாகி ஹாஸ்டலுக்குப் போறது வரைக்கும் குடிச்சேன் அத்தை. இங்கயும் கேன்டீன்ல தின்னுதேன். நீங்க அம்மாவுக்கு எழுதிப் போட்டிருவீங்களோன்னு பயந்து மறைச்சேன்."

"கல்லு எங்கேயிருந்து வந்துது?"

"ரோஸ்லின் டீச்சர் வீட்டுலதான்."

அந்த டீச்சரும்! அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், பாவம் கோமு, பாவம் கோமு என்று உச்சுக் கொட்டுவார். மழைக்காலம் என்றால் தீபாவளிக்கு முன்னால். நான் நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்ற அதே நாட்கள். சாத்திய அந்தக் கதவுக்குப் பின்னால், என்னை நுழையவிடாத அதே அடுக்களையில், என் வார்த்தையைத் திருடி வைத்துக்கொண்டு, அவள் பிள்ளைக்கு அவள் முட்டை அடித்திருக்கிறாள். ஊட்டட்டும். பிள்ளைக்கு நோய் என்றால் நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் அதைச் செய்துவிட்டு, கை கழுவிவிட்டு, வந்து என் பிள்ளை தாடையைத் திருப்பினாளே, அந்தக் கை விளங்குமா?

உலகு பத்திரிகையிலிருந்து நிமிர்ந்தாள். முட்டை ஏன் கல் ஆச்சு, என்ன கதை என்று இங்கிலீஷில் கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், குற்றாலத்திலிருந்து கடைசி வரைக்கும். அவள் யோசித்துப் பார்த்தாள். "எனக்கு ஞாபகம் இல்லம்மா. தண்ணி ரொம்பச் சில்லுனு இருந்துது, அது மட்டும் ஞாபகம் இருக்கு. அத்தை எனக்கு நல்லா ஊட்டுவாங்க, இல்ல?"

நான் யாருக்காக இத்தனை காலம் பல்லைக் கடித்தேனோ, அவளுக்கு அந்தக் கை இனிக்கிறது. இதைவிடப் பெரிய பழி செண்பகம் எனக்குச் செய்ய முடியாது. பரமசிவன் கேக்கில் மூன்று துண்டு தின்றான். என் சபதத்தில் பாதி நிறைவேறிவிட்டது, எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

6

வடிவுக்கு ஒரு ஓட்டில் முயல் செய்து கொடுத்தேன். மிச்சம் ஒரு ஓடு, அதில் செண்பகத்தைச் செய்தேன்.

கறுப்புக் கம்பளி நூலில் கொண்டை. நெற்றியில் மூன்று பட்டை விபூதி, நடுவில் அவள் வைக்கிற அகலப் பொட்டு. கேக் மேலே தூவுகிற வெள்ளி மிட்டாய் இருக்கிறதே, கடுகு மாதிரி, அதில் ரெண்டை எடுத்து ரெண்டு பக்கமும் மூக்குத்தி. வாயை மட்டும் இறுக்கி ஒரே கோடாகப் போட்டேன். அவர் வேலை விட்டு வந்தவர் அதைப் பார்த்து, "அக்கா மாதிரியே இருக்கே" என்றார். பிறகு விஷயம் புரிந்து முகம் வெளுத்தது. "வேண்டாம் கோமு. பழைய கதை. விட்டுரு."

"நீங்க போய்த் துண்டைப் பிழிங்க" என்றேன்.

பிஸ்கட் டப்பாவில் பஞ்சு அடைத்து உள்ளே வைத்தேன். ஒரு வரி எழுதி வைக்கவில்லை. தபாலாபீசில் சுங்க ஃபாரத்தை நீட்டினார்கள். உள்ளே என்ன? வீறாப்பில் 'ஸ்டோன்' என்று எழுதினேன். தராசில் வைத்த ஆள் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கல் என்கிறீர்கள், காற்றாக இருக்கிறதே என்றார். சரி, முட்டை என்றேன். உணவுப் பொருள் அனுப்ப முடியாது, அதற்கு வேறு ஃபாரம் என்றார். உள்ளே ஒன்றும் இல்லை என்றேன். ஒன்றும் இல்லாததை எதற்கு இந்தியாவுக்கு அனுப்புகிறீர்கள் என்றார். பெரிய அதிகாரி வந்தார். எனக்குப் பின்னால் வரிசை தெருவரைக்கும் போய்விட்டது. கடைசியில் அவரே கண்ணாடியை மாட்டிக்கொண்டு டப்பாவைத் திறந்து பார்த்தார். "பொம்மை" என்று எழுதி முத்திரை குத்தினார். "யாருடைய முகம் இது? ரொம்பக் கோபக்காரர் போலிருக்கே" என்றார். எங்க மதினி என்றேன்.

அதன் பிறகு தபால்காரனின் காலடி கேட்டால் கையில் வேலை ஓடாது. அழுது எழுதுவாளா, வைது எழுதுவாளா? எது வந்தாலும் எனக்குத் திருப்திதான். ஒன்றும் வரவில்லை. மகனுக்கு வழக்கமாக எழுதுவதில்கூடப் பொம்மையைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. வழியில் உடைந்து தூளாகியிருக்கும் என்று அவர் ஆறுதல் சொன்னார், தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி.

7

சாரல் காலம் முடிந்த சமயம், கீழப்பாவூர்ப் பையன் ஒருத்தன் பரமசிவன் கல்லூரியில் படிக்க வந்து சேர்ந்தான். ஊரிலிருந்து சாமான் கொண்டு வந்திருந்தான். பரமசிவனுக்கு மோர்மிளகாய், அப்பளம், எள்ளுப்பொடி. எனக்கென்று தனியாக ஒரு மஞ்சள் துணி முடிச்சு, கையை இழுக்கிற கனம்.

"இதைக் கோமு கையில மட்டும் கொடுன்னு செண்பகம் பெரியம்மா சொன்னாக" என்றான்.

"பொம்மை வந்து சேர்ந்துதா?"

"அதுவா! கண்ணாடி அலமாரியில வச்சிருக்காக. யாரு கிட்டப் போனாலும் ஒரே சத்தம். தொட்டா உடைஞ்சிரும், உள்ள ஒண்ணும் கிடையாதுங்காக."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லல அக்கா."

முடிச்சை அவிழ்த்தேன். ஒரு கூழாங்கல். வெள்ளை வெளேரென்று, முட்டை அளவு. அவளாகவே சாரலில் போய் ஆற்றில் இறங்கித் தேடி எடுத்திருக்கணும். மன்னிப்பா, நக்கலா? திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மன்னிப்பு என்றாலும் அவள் வாய் திறந்து சொல்லமாட்டாள், அவள் வாய் அப்படிப்பட்டது. நக்கல் என்றால் என் பொம்மையை அலமாரியில் வைத்துக் காவல் காப்பானேன்? பரமசிவனிடம் காட்டினேன். அவன் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து மாடிக்குப் போனான். எனக்கு ஒன்று மட்டும் தெரிந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது போதுமா என்றால், போதாது. இன்னும் கொஞ்சம் வேணும்போலத்தான் இருந்தது.

கல்லை அலமாரியில் வைத்துக் கும்பிட நான் என்ன செண்பகமா? முட்டைக் கிண்ணத்தில் முட்டைகளோடு சேர்த்துப் போட்டு வைத்தேன்.

சனிக்கிழமை கேக்குக்கு மாவு கலந்தோம். வடிவு முக்காலியில் ஏறி நின்றாள். முட்டை உடைப்பது எப்போதும் அவள் வேலை, யாரையும் தொடவிட மாட்டாள். உலகு வெண்ணெய் உருக்கிக்கொண்டிருந்தாள். வடிவு ஒன்றை உடைத்தாள், ரெண்டாவதை உடைத்தாள். மூன்றாவதாகக் கையை விட்டு எடுத்ததைப் பீங்கான் விளிம்பில் தட்டினாள். டொக்கு. மறுபடி தட்டினாள். பீங்கானில் ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது.

பரமசிவனின் தென்காசிப் பேச்சு ஒட்டிக் கெட்டுப்போன பிள்ளை. எனக்குப் பதில் சொல்ல என்றைக்கும் தமிழ் எடுக்காத வாய், அன்றைக்கு என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னது:

"அம்மா, இது உடைய மாட்டேங்கு."

உலகுவின் கை அடுப்பு மேல் அப்படியே நின்றது. மெதுவாகத் திரும்பி அந்தக் கல்லைப் பார்த்தாள், பிறகு என் கையைப் பார்த்தாள்.

"நல்லா ஓங்கி அடிச்சுப் பாருட்டி" என்றேன். "உடையாது. அது உங்க அத்தை."